ஆறு ஞாயிறுகளில் தைவான் நீரிணை: கிருஷ்ணகிரியில் நடந்த ஒரு வகுப்பு பற்றிய மதிப்புரை

கிருஷ்ணகிரி புதிய பேருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இயங்கும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்று, தேர்வர்களுக்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் என்று அறிவித்து, ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் உலக அரசியல் வகுப்பு ஒன்றை நடத்தியது. எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே: சீனாவுக்கும் தைவானுக்கும் இடையிலான உறவு, அதில் அமெரிக்கா ஏற்றிருக்கும் பாதுகாப்புப் பொறுப்பு. கட்டணம் 1,200 ரூபாய். காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை வகுப்பு; எண்பது பக்கக் குறிப்பேடு ஒன்றும் இடையில் ஒரு தேநீரும் அந்தக் கட்டணத்திற்குள் அடங்கும். மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் நான் ஆறு வகுப்புகளிலும் அமர்ந்து கேட்டேன். அடுத்த சுற்றில் சேரலாமா என்று பலர் கேட்பதால், எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் அக்கா மகள் பர்கூர் சிப்காட்டில், தைவானைத் தாயகமாகக் கொண்ட நிறுவனம் நடத்தும் காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். "அங்கே சண்டை வந்தால் எங்கள் வேலை என்ன ஆகும், சித்தி?" என்று அவள் ஒரு நாள் கேட்டபோது, இருபது ஆண்டுகள் வரலாறு நடத்திய எனக்குத் தெளிவான பதில் சொல்லத் தெரியவில்லை. செய்தித்தாளில் போர்க் கப்பல் படத்தோடு வரும் நான்கு பத்திச் செய்திகளைத் தாண்டி, இந்தப் பிணக்கு எப்படித் தொடங்கியது, யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று தமிழில் வரிசையாகச் சொல்லித் தருபவர்கள் நம் பக்கத்தில் அரிது. அவளையும் அழைத்துக்கொண்டு சென்றேன்.

வகுப்பை நடத்தியவர் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். முதல் நாளில் அவர் வரைபடத்தைத் தொங்கவிட்டு, தைவானின் பரப்பு ஏறத்தாழ 36,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் போல் ஏழு மடங்கு, மக்கள்தொகை சுமார் 2.3 கோடி என்று தொடங்கினார். நீரிணையின் மிகக் குறுகிய இடம் சுமார் 130 கிலோமீட்டர். இங்கிருந்து சேலத்தைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் எவ்வளவோ அவ்வளவு. அளவுகளைக் கையில் பிடித்துக் காட்டும் இந்தப் பழக்கம் ஆறு வாரமும் தொடர்ந்தது, அதனால்தான் பள்ளிப் படிப்போடு நின்றவர்களும் பின்தங்காமல் வந்தார்கள்.

1895இல் ஷிமோனோசெகி உடன்படிக்கையின்படி சிங் பேரரசு தைவானையும் ஃபெங்ஹூ தீவுகளையும் ஜப்பானிடம் ஒப்படைத்தது. அந்தக் கைமாற்றத்தை விளக்க அவர் நம் சொந்த மண்ணை எடுத்துக்கொண்டார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தபோது, கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ ஏர் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைக்கூட யாரும் கேட்கவில்லை; தொலைவில் ஒரு கூடாரத்தில் இட்ட கையெழுத்தால் இங்கே வரி வாங்குபவர் மாறினார் என்றார். சன்னல் வழியாகத் தெரிந்த மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டபோது, தைவான் மக்கள் மனத்தில் 'எங்களைக் கேட்டீர்களா' என்ற கேள்வி ஏன் இன்றும் இவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது. பாடநூலில் இப்படி ஓர் ஒப்புமையை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் வகுப்புதான் ஆறிலும் சிறந்தது; கட்டணம் முழுவதையும் அதற்கே கொடுக்கலாம். 1949 இறுதியில் சீன உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் கை ஷேக்கின் கோமிண்டாங் (தேசியவாதக் கட்சி) அரசு, 1945இல் ஜப்பானின் கையிலிருந்து தன் ஆட்சிக்கு வந்திருந்த தைவானின் தைபே நகருக்கு இடம்பெயர்ந்ததையும், பீக்கிங்கில் (பெய்ஜிங்) பொதுவுடைமைக் கட்சித் தலைவர் மாவோ சீன மக்கள் குடியரசை அறிவித்ததையும் எல்லாரும் ஓரளவு அறிவோம். அதன்பின் நடந்ததை அவர் மாத வாரியாக விரித்தார். 1950 ஜனவரி 5 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன், தைவானில் உள்ள சீனப் படைகளுக்கு அமெரிக்கா இராணுவ உதவியோ ஆலோசனையோ அளிக்காது என்று அறிவித்தார். அதே ட்ரூமன் ஜூன் 27 அன்று, தைவான்மீதான எந்தத் தாக்குதலையும் தடுக்குமாறு ஏழாவது கடற்படைப் பிரிவுக்கு உத்தரவிட்டார். இடையில் நடந்தது தைவானில் அல்ல. ஜூன் 25 அன்று கொரியாவில் போர் மூண்டது. அந்த உத்தரவில் இன்னொரு பாதியும் உண்டு: தைவானில் இருந்த அரசும் சீனப் பெருநிலத்தின்மீது வான், கடல் தாக்குதல்களை நிறுத்த வேண்டும் என்று ட்ரூமன் கேட்டுக்கொண்டார். காவலுக்கு வந்தவர் இரு பக்கத்தையும் பிடித்து நிறுத்தவே வந்தார் என்பதை, அமெரிக்காவின் பங்கைப் பற்றி எழுதும் பலர் விட்டுவிடுகிறார்கள். இவர் விடவில்லை, அந்த ஓர் உத்தரவின் இரு பாதிகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதி வைத்துவிட்டு, அடுத்த எழுபது ஆண்டுகளை அவற்றைக்கொண்டே விளக்கினார்.

அதே நாளில் கின்மென் தீவின் கதையும் வந்தது. சீனாவின் ஷியாமென் நகரத்திற்கு எதிரே, கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருக்கும் அந்தத் தீவு இன்றும் தைபேயின் ஆட்சியில் இருக்கிறது. 1954இல் ஒரு முறையும், 1958 ஆகஸ்ட் 23 முதல் மறுமுறையும் சீனா அதன்மீது பீரங்கித் தாக்குதல் நடத்தியது. இரண்டாவது முறை முதல் ஆறு வாரங்களில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. பிறகு ஒரு விந்தையான வழக்கம் ஏற்பட்டது: ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும் குண்டு வீச்சு. அது மெல்லத் துண்டறிக்கைகளை அடைத்த குண்டுகளாகக் குறைந்து, 1979 ஜனவரி 1 அன்றுதான் முழுமையாக நின்றது. விழுந்த குண்டுகளின் எஃகை உருக்கிக் கின்மென் கொல்லர்கள் சமையல் கத்திகள் செய்தார்கள் என்றும், அவை இன்றும் அங்கே விற்பனையாகின்றன என்றும் அவர் சொன்னபோது வகுப்பில் சிறிது நேரம் பேச்சே இல்லை. என் அக்கா மகள் தன் குறிப்பேட்டில் அதை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள்.

1954 டிசம்பரில் அமெரிக்காவும் தைபே அரசும் கையெழுத்திட்ட பரஸ்பரப் பாதுகாப்பு உடன்படிக்கை, தைவானையும் ஃபெங்ஹூவையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே தவிர, கின்மென்னையும் மாட்சுவையும் குறிப்பிடவில்லை. பெயர் சொல்லப்படாத தீவுகளில்தான் குண்டுகள் விழுந்தன என்பதைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அவர் சொன்னார். எது எழுதப்பட்டது, எது எழுதப்படாமல் விடப்பட்டது என்று பார்க்கும் பழக்கத்தை அன்றுதான் நாங்கள் கற்றோம்.

குறிப்பேட்டைப் பற்றி இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் மிகப் பெரிய பிழை இந்தப் பாடத்தின் இதயத்தில் விழுந்திருக்கிறது. 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சனின் சீனப் பயண முடிவில் வெளியான ஷாங்காய் அறிக்கையை அது, "தைவான் சீனாவின் ஒரு பகுதி என்பதை அமெரிக்கா அங்கீகரிக்கிறது" என்று ஒரே வரியில் தமிழாக்கியிருந்தது. அந்த அறிக்கையில் அமெரிக்கா சொன்னது அதுவன்று. நீரிணையின் இரு கரைகளிலும் உள்ள சீனர் அனைவரும் ஒரே சீனாதான் உண்டென்றும் தைவான் அதன் பகுதி என்றும் கருதுகிறார்கள் என்பதைத் தான் அறிந்திருப்பதாகவும், அந்த நிலைப்பாட்டை மறுத்து வாதிடவில்லை என்றும் மட்டுமே சொன்னது. இரண்டுக்கும் இடையே ஒரு கடல் அளவு வேறுபாடு இருக்கிறது. நான் எழுந்து இதைச் சுட்டிக்காட்டியபோது ஆசிரியர் மறுக்கவில்லை, மழுப்பவும் இல்லை. குறிப்பேட்டை மையத்தில் வேறொருவர் தொகுத்தார், அந்த வரி தவறு என்று எல்லாருக்கும் முன்னால் ஒப்புக்கொண்டு, அன்றைய பாடத்தையே நிறுத்திவிட்டு இந்த ஒரு சொல்லுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினார்.

அவர் கொடுத்த விளக்கம் நம் ஊர்க்காரர் எவருக்கும் புரியும். ஒருவர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய், பக்கத்து நிலம் தன்னுடையது என்று மனு கொடுக்கிறார். 'மனுதாரர் இந்நிலம் தனது என்று கூறுகிறார்' என்று அலுவலர் கோப்பில் பதிவு செய்வது ஒன்று. அவர் பெயருக்குப் பட்டா மாற்றிக் கொடுப்பது வேறொன்று. 1972இல் அமெரிக்கா கோப்பில் பதிவு செய்தது, பட்டா கொடுக்கவில்லை. 1979 ஜனவரி 1 முதல் பீக்கிங்கோடு முழுத் தூதரக உறவு ஏற்பட்டபோது வெளியான அறிக்கையின் சீன வடிவத்தில், 'ஏற்றுக்கொள்கிறது' என்று பொருள்படும் வலுவான சொல் இடம்பெற்றது. அமெரிக்காவோ ஆங்கில வடிவத்தில் இருந்த பழைய சொல்லையே பிடித்துக்கொண்டது. ஆக ஒரே அறிக்கையை இரு தலைநகரங்கள் இரு விதமாகப் படித்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காலம் தள்ளுகின்றன. சீன அரசு பேசும் 'ஒரே சீனா கோட்பாடு' வேறு, அமெரிக்கா தனதென்று சொல்லும் 'ஒரே சீனா கொள்கை' வேறு என்பதை நான் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கேட்டதில்லை. இந்த வேறுபாடு தெரியாத ஒருவர் எத்தனை செய்தி படித்தாலும் இந்தப் பிணக்கைப் புரிந்துகொள்ள முடியாது. அப்படியிருக்க, அதைக் கற்பிக்க அச்சிட்ட புத்தகத்திலேயே அந்தச் சொல் பிழையாக இருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்த வரியை அப்படியே மனப்பாடம் செய்திருப்பார்கள்.

நான்காம் வகுப்பு 1979 ஏப்ரல் 10 அன்று அமெரிக்க அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட தைவான் உறவுகள் சட்டத்தைப் பற்றியது. பழைய பாதுகாப்பு உடன்படிக்கை ஓராண்டு முன்னறிவிப்போடு முடிவுக்கு வர, அதனிடத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிக்கொண்ட உள்நாட்டுச் சட்டம் இது. தற்காப்புக்குத் தேவையான ஆயுதங்களைத் தைவானுக்கு வழங்க இது வகை செய்கிறது. தைவானின் எதிர்காலத்தை அமைதியற்ற வழியில், பொருளாதாரப் புறக்கணிப்பாலோ வணிகத் தடையாலோகூட, முடிவு செய்யும் முயற்சியை மிகுந்த கவலைக்குரியதாகக் கருதுகிறது. வலுக்கட்டாயத்தை எதிர்க்கும் ஆற்றலை அமெரிக்கா தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. போருக்கு வருவோம் என்று எங்கும் சொல்லவில்லை. ஆபத்து ஏற்பட்டால் என்ன செய்வதென்று அதிபரும் நாடாளுமன்றமும் சேர்ந்து முடிவு செய்வார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. 1982 ஆகஸ்ட் அறிக்கையில் ஆயுத விற்பனையைப் படிப்படியாகக் குறைக்கும் எண்ணம் இருப்பதாகப் பீக்கிங்குக்குச் சொன்ன ரீகன் அரசு, அதற்கு முந்தைய மாதமே, விற்பனையை நிறுத்தக் கெடு எதுவும் விதிக்கவில்லை என்பது உட்பட ஆறு உறுதிமொழிகளைத் தைபேக்குக் கொடுத்திருந்தது.

என் அக்கா மகள் கேட்டாள்: "அப்படியென்றால் சண்டை வந்தால் அமெரிக்கா வருமா, வராதா சார்?" குறிப்பேடு இதற்கு 'மூலோபாயத் தெளிவின்மை' என்று ஒரு தொடரைக் கொடுத்து நகர்ந்துவிடுகிறது. ஆசிரியரோ, "வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருக்கிறார்கள், அம்மா" என்று தொடங்கினார். வருவோம் என்று உறுதியாகச் சொன்னால் தைபே முறைப்படி விடுதலையை அறிவிக்கத் துணியலாம். வரமாட்டோம் என்று சொன்னால் பீக்கிங் படையெடுக்கத் துணியலாம். ஆகவே இருவரையும் தயங்க வைப்பதே அந்த மௌனத்தின் வேலை. 1950 ஜூன் உத்தரவின் இரு பாதிகளையும் அவர் மறுபடியும் பலகையில் எழுதினார். பைடன் தம் பதவிக்காலத்தில், தைவானைக் காக்க அமெரிக்கப் படை வரும் என்று ஒரு முறைக்கு மேல் வெளிப்படையாகச் சொன்னதும், ஒவ்வொரு முறையும் கொள்கை மாறவில்லை என்று அவருடைய அலுவலகம் விளக்கம் கொடுத்ததும் அங்கே சரியாகப் பொருந்தின. இந்த மௌனம் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்விக்கு அவர் கணிப்புக் கூறவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில் வேகம் கூடிவிட்டது. 1995இல் தைவான் அதிபர் லீ தெங் ஹுய் தாம் படித்த கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றதும், அதன் எதிரொலியாகச் சீனா ஏவுகணைச் சோதனைகள் நடத்தியதும், 1996 மார்ச்சில் அமெரிக்கா இரு விமானந்தாங்கிக் கப்பல் அணிகளை அனுப்பியதும், அம்மாதம் 23 அன்று நடந்த முதல் நேரடி அதிபர் தேர்தலில் லீ 54 விழுக்காடு வாக்குகளோடு வென்றதும் நன்றாகவே சொல்லப்பட்டன. அச்சுறுத்தல் எதிர்பார்த்ததற்கு மாறான விளைவைத் தந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் அதன்பின், அமைதியற்ற வழிகளையும் பயன்படுத்தலாம் என்ற சீனாவின் 2005 பிரிவினைத் தடுப்புச் சட்டம், இரு கரைகளுக்கும் இடையிலான 2010இன் பொருளாதார ஒத்துழைப்பு உடன்படிக்கை, 2014இல் மாணவர்கள் தைவான் சட்டமன்றத்துக்குள் புகுந்து அமர்ந்த சூரியகாந்தி இயக்கம், 2015 நவம்பரில் சிங்கப்பூரில் அன்றைய தைவான் அதிபர் மா யிங் ஜியோவும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் கைகுலுக்கியது, 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கீழவைத் தலைவராக இருந்த நான்சி பெலோசியின் தைவான் பயணத்தைத் தொடர்ந்து சீனா நடத்திய போர்ப் பயிற்சிகள், 2024 மே 20 அன்று லாய் சிங் தே தைவான் அதிபராகப் பதவியேற்ற மூன்றே நாளில் நடந்த மறு பயிற்சி ஆகிய அனைத்தும் ஒரு மணி நேரத்துக்குள் அடைக்கப்பட்டன. 1992இல் ஹாங்காங்கில் நடந்த பேச்சுவார்த்தைகளில் இரு தரப்பும் உண்மையில் எதை ஒப்புக்கொண்டன என்ற சர்ச்சைக்கு ஐந்து நிமிடம்தான் கிடைத்தது. அந்தப் பேச்சுக்கு '1992 கருத்தொற்றுமை' என்ற பெயரே 2000இல்தான் சூட்டப்பட்டது. முன்பு ஒரு சொல்லுக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தவர், இந்தச் சொல்லுக்கும் அரை மணி நேரமாவது கொடுத்திருக்கலாம்.

எனக்கு உள்ள பெரிய குறை இன்னொன்று. பீக்கிங்கும் வாஷிங்டனும் பேசிய அளவுக்கு இந்த வகுப்பில் தைவான் பேசவில்லை. 1947 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய எழுச்சி இரத்தத்தில் ஒடுக்கப்பட்டதும், 1949 முதல் 1987 வரை முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்தத் தீவு இராணுவச் சட்டத்தின்கீழ் இருந்ததும் பத்து நிமிடங்களில் கடந்துபோயின. அமெரிக்கா அந்தக் காலத்தில் காத்து நின்றது ஒரு சர்வாதிகார ஆட்சியை. இன்று காக்க நினைப்பது ஒரு மக்களாட்சியை. இந்த மாற்றத்தை அந்த மக்கள் தாமே போராடிப் பெற்றார்கள். சீனர்கள் குடியேறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே வாழும் பழங்குடி இனங்களில் பதினாறு இன்று அரசால் ஏற்கப்பட்டவை. அவர்களைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. பாராமகால் ஒப்புமையை அவ்வளவு அருமையாகச் சொன்னவர், கேட்கப்படாதவர்களின் குரலுக்கு ஒரு முழு வகுப்பைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். பெரும்பான்மைத் தைவானியர் உடனடி விடுதலையையும் விரும்பாமல், இணைப்பையும் விரும்பாமல், இருக்கும் நிலையே ஏதோ ஒரு வடிவில் தொடரட்டும் என்று கருத்துக் கணிப்புகளில் தொடர்ந்து சொல்லிவருவது ஏன் என்பதும் அப்போதுதான் புரியும்.

ஆறாம் வகுப்பு இந்தியாவைப் பற்றியது, அளவில் சிறியதாயினும் நிறைவாக இருந்தது. 1949 டிசம்பர் 30 அன்றே இந்தியா மக்கள் சீனத்தை ஏற்றதும், 1995இல் தைபேயில் தூதரகம் என்ற பெயரில்லாத ஓர் அலுவலகத்தைத் திறந்ததும், தைவான் தன் பங்குக்கு 2012இல் சென்னையில் ஓர் அலுவலகம் திறந்ததும் வரிசையாக வந்தன. 2022 ஆகஸ்டில் நம் வெளியுறவு அமைச்சகம், இந்தியாவின் கொள்கைகள் எல்லாரும் அறிந்தவை, திரும்பச் சொல்லத் தேவையில்லை என்று கூறியதையும், இருக்கும் நிலையை ஒருதலையாக மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதையும் ஆசிரியர் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டினார். மைக்ரோசில்லுகளைப் பற்றியும் சிறிது பேசினார். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வந்திருந்த இளைஞர்கள் அதை நீட்டிக்க விரும்பினார்கள், ஆனால் அவர் பாடத்தை விட்டு விலகவில்லை.

என் அக்கா மகளின் முதல் கேள்விக்கும் அன்றே பதில் கிடைத்தது. 1987இல் இராணுவச் சட்டம் நீங்கி, உறவினரைப் பார்க்கப் பெருநிலத்துக்குப் போகத் தைவானியருக்கு அனுமதி கிடைத்த காலத்தையொட்டி, காலணி, துணி ஆலை முதலாளிகள் கூலி குறைவான சீனக் கரைக்குத் தொழிலை நகர்த்தினார்கள். பின்னர் அங்கே கூலியும் அரசியல் அச்சமும் ஏற, வியட்நாம், இந்தோனேசியா, இந்தியா என்று கிளை பரப்பினார்கள். பர்கூர் வரை நிறுவனப் பேருந்து வருவதற்குப் பின்னால் அந்த நீரிணையும் ஒரு காரணமாக இருக்கிறது. அதே சமயம், முற்றுகை ஏற்பட்டால் தலைமையகத்தோடு வணிகமும் பணப் பரிமாற்றமும் தடைப்படக்கூடும் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். வீடு திரும்பும் வழியில் அவள் இதைத் தன் பிரிவில் வேலை செய்யும் பெண்களிடம் சொல்லப்போவதாகச் சொன்னாள்.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாக: அறையில் நாற்பது பேர் அமரலாம், மின்விசிறிகள் போதும், படம் காட்டும் கருவியின் வெளிச்சம் போதாது, பின்வரிசையில் அமர்ந்தால் வரைபடம் தெரியாது. மாடிப்படி செங்குத்தானது என்பதால் வயதானவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

கட்டணத்துக்கு உரிய மதிப்பு உண்டா என்றால், ஆசிரியருக்காக உண்டு, குறிப்பேட்டுக்காக இல்லை. அடுத்த சுற்று பொங்கலுக்குப் பிறகு தொடங்கும் என்றும், திருத்திய பதிப்பை அப்போது கொடுப்போம் என்றும், பழைய பிரதி வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் கட்டணமின்றி மாற்றித் தருவோம் என்றும் மையத்தினர் உறுதி கூறியிருக்கிறார்கள். அதுவரை பழைய பிரதி வைத்திருப்பவர்கள், ஷாங்காய் அறிக்கை பற்றிய வரியில் 'அங்கீகரிக்கிறது' என்பதை அடித்துவிட்டு, 'சீனத் தரப்பு அவ்வாறு கருதுவதை அறிந்திருக்கிறது' என்று பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.